பள்ளிக்கூட வகுப்பு வேறு, கல்லூரி வகுப்பு வேறு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



எனக்கு முன்னால் பேசியவங்க கடன் பத்திப் பேசினாங்க, காப்பீடு பத்திப் பேசினாங்க. தலைவி அம்மா என்னிடம் கேட்டது வேற. "இந்த வருஷம் நம்ம குழுப் பிள்ளைங்க நிறையப் பேரு பன்னிரண்டாவது முடிச்சு காலேஜுக்குப் போறாங்க. அங்க போனா என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியலை. நீ அங்கதான பாடம் நடத்துற, வந்து விவரமா சொல்லு" என்றார்கள். நியாயமான கேள்வி. அதனால் இன்றைக்கு நான் பேசப் போவது இந்த ஒன்றைத்தான். பள்ளிக்கூடத்து வகுப்புக்கும் கல்லூரி வகுப்புக்கும் என்ன வித்தியாசம்? அதைத் தெரிந்துகொள்ளாததால் நம் வீடுகளில் என்ன நஷ்டம்?

நான் வெளியாள் இல்லை. 1989-ல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கின என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் ஊரில் தொடங்கிய குழுவில் என் அம்மா உறுப்பினர். நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய பணம் குழுவின் உள்கடன். இன்றைக்கு ஓர் அரசு கலைக் கல்லூரியில் வகுப்பெடுக்கிறேன் என்றால் அதற்கு அந்தக் கடன் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாசம் முதலாண்டு வகுப்புக்குள் நுழைந்தால் பெஞ்சில் இடமே இருக்காது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அங்கங்கே இடைவெளி விழுந்திருக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை எங்கே என்று கேட்டால், "கல்யாணம் பேசிட்டாங்க மேடம்", "பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான் மேடம்", "அரியர் விழுந்துருச்சு, வீட்ல வேண்டாம்னுட்டாங்க மேடம்" என்று பதில் வரும். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கி வந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அறிவு இல்லாமல் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு ஏற்பாடு, கல்லூரியில் வேறொரு ஏற்பாடு. இந்த மாற்றம் பிள்ளைக்கும் புரியவில்லை, வீட்டுக்கும் புரியவில்லை. முதல் ஆறு மாசம்தான் கண்டம். அதைத் தாண்டிய பிள்ளை பெரும்பாலும் பட்டம் வாங்கிவிடும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கூலி வேலைக்குப் போனால் எத்தனை மணிக்கு வரணும், எந்தப் பாத்தியில் இறங்கணும், எப்போது கரையேறணும் என்று மேஸ்திரி சொல்லுவார். லேட்டானால் திட்டுவார். அதே ஆள் குழுவில் கடன் வாங்கி ஒரு கடை போட்டால்? கடையைத் திறந்தாயா என்று கேட்க ஆள் கிடையாது. திறக்கவில்லை என்றால் யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் மாசக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது நஷ்டம் நம்முடையது. பள்ளிக்கூடம் முதல் மாதிரி, கல்லூரி இரண்டாவது மாதிரி. பன்னிரண்டு வருஷம் ஒருத்தர் சொல்லச் சொல்லச் செய்து பழகிய பிள்ளையிடம், ஒரே மாசத்தில், "இனிமேல் நீயே பார்த்துக்கோ" என்கிறோம். தடுமாறத்தான் செய்யும்.

நேரத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். வீட்டில் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளிக்கூடம் என்றால் காலையில் போனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பெல் அடிக்கும். மாலை வகுப்பு இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். இடையில் வெளியே வர முடியாது. கல்லூரியில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வகுப்புதான். பல அரசுக் கல்லூரிகளில் இடம் போதாமல் இரண்டு ஷிஃப்ட் நடக்கிறது. காலை ஷிஃப்ட் பிள்ளை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்துவிடும். மதிய ஷிஃப்ட் பிள்ளை வீடு திரும்ப இருட்டிவிடும். இது தெரியாத அம்மா, "ஒரு மணிக்கே வந்துட்டாளே, வகுப்புக்குப் போனாளா இல்ல எங்கயாவது சுத்திட்டு வந்தாளா?" என்று கேட்கிறார். இருட்டி வந்தால் அதைவிடப் பெரிய கேள்வி. பிள்ளை உண்மையைச் சொன்னாலும் நம்புவதற்கு வழியில்லை. ஏனென்றால் நமக்குத் தெரிந்த ஒரே கணக்கு நாலு மணி பெல்தான்.

இன்னொரு குழப்பம், நாள் வரிசை. 'டே ஆர்டர்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமைப் பாடம். கல்லூரியில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு நாள் வரை ஓடும். நடுவில் ஒரு நாள் விடுமுறை வந்தால் வரிசை அங்கே நின்று, அடுத்த வேலை நாளில் விட்ட இடத்தில் இருந்து தொடரும். அதனால் இந்தத் திங்கட்கிழமை மூன்றாம் நாளாக இருக்கும், அடுத்த திங்கட்கிழமை இரண்டாம் நாளாக இருக்கும். வேறு நோட்டு எடுத்துப் போவது அதனால்தான். எல்லாக் கல்லூரியிலும் இப்படி இல்லை, பல இடங்களில் இருக்கிறது.

இதற்கு மருந்து சுலபம். கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளையிடம் கால அட்டவணையை ஒரு தாளில் எழுதச் சொல்லி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பஸ் வரும் நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் இல்லாத வீட்டில்தான் பிள்ளை நிஜத்தைப் பேசும்.

அடுத்து வகுப்புக்குள் போவோம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்துக்கு அரசு அச்சடித்த ஒரு பாடநூல். அதுதான் எல்லாம். ஆசிரியர் வரிவரியாக நடத்துவார். முக்கியமான இடத்தில் கோடு போடச் சொல்லுவார். பாடத்தின் பின்னால் உள்ள வினாவுக்கு விடை எழுதிப் போடுவார். வாரத் தேர்வு, மாதத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று ஒரே விடையைப் பத்துத் தடவை எழுத வைப்பார். பொதுத்தேர்வு அறைக்குள் போகும்போது கை தானாக எழுதும். அதைக் குறை சொல்லவில்லை. அந்த ஆசிரியர்கள் சனி, ஞாயிறு பாராமல் உழைத்ததால்தான் நம் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்தார்கள்.

கல்லூரியில் ஒரே பாடநூல் கிடையாது. பாடத்திட்டம் என்று ஒரு தாள் இருக்கும். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் ஐந்து அலகு. அந்த அலகில் என்னென்ன தலைப்பு என்று நாலு வரி. கீழே எந்தெந்த நூல்களைப் பார்க்கணும் என்று பட்டியல். ஆசிரியர் ஒரு மணி நேரம் வந்து விளக்குவார். போர்டில் நாலு குறிப்பு எழுதுவார். பெல் அடித்ததும் போய்விடுவார். அடுத்த மணிக்கு வேறு ஆசிரியர், வேறு பாடம். சில நேரம் வேறு அறை. விடையை யாரும் எழுதிப் போட மாட்டார்கள். கேட்டதையும் நூலகத்தில் படித்ததையும் சேர்த்துப் பிள்ளையே குறிப்பு எடுக்கணும்.

இங்கேதான் முதல் அடி விழுகிறது. "மேடம், எதைப் படிக்கிறது?" என்று கேட்டு வருவார்கள். எதைப் படிப்பது என்று தெரியாத பிள்ளை இரண்டு வேலை செய்யும். ஒன்று, நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் தலை நிமிராமல் எழுதும். கையெழுத்து இருக்கும், மண்டையில் ஒன்றும் இருக்காது. இரண்டு, கடையில் விற்கிற கைடு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வகுப்பைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

"நாங்க படிக்கலையேம்மா, நாங்க என்ன சொல்லித் தர முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். பெயர் வேண்டாம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். பொருளாதாரம் படித்த அவர் மகள் என் மாணவி. தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மா கேட்பது ஒரே கேள்வி: "இன்னிக்கு என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு." மகள் ஒரு நாள் தேவையும் அளிப்பும் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சந்தைக்கு வரத்து அதிகமானால் விலை இறங்கும், இறங்கினால் விற்கிறவர் குறைத்துக்கொள்வார் என்று. அம்மா உடனே, "தக்காளி பழுத்துப் போச்சுன்னா எப்படிடி குறைச்சுக்கறது? அழுகிடுமே? வந்த விலைக்குத் தள்ளிட்டுத்தான வர்றோம்?" என்று கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள். அந்த ஒரு கேள்வியால் அன்றைக்கு முழு மணி நேரமும் அழுகும் பொருள், குளிர்பதனக் கிடங்கு, தரகு என்று போனது. வகுப்பே விழித்துக்கொண்டது.

அந்த அம்மா ஒரு எழுத்தும் சொல்லித் தரவில்லை. மகளைச் சொந்த வார்த்தையில் பேச வைத்தார். கல்லூரிப் படிப்பின் உயிரே அதுதான். மனப்பாடமாகச் சொல்வதில்லை, புரிந்ததைத் தன் வாயால் சொல்வது. குழுக் கூட்டத்தில் போன வாரத் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்கிறோம் இல்லையா? அதே மாதிரி தினமும் பத்து நிமிஷம் பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தால் அதற்குப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, மொழி. தமிழ் வழியில் படித்த பிள்ளை கல்லூரியில் ஆங்கில வழிப் பிரிவில் உட்கார்ந்தால் முதல் மாசம் காது அடைத்த மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் பார்த்தவரை, பாடம் கஷ்டமாக இருப்பதை விட, "எனக்கு மட்டும்தான் புரியலை" என்ற கூச்சம்தான் பிள்ளையை வெளியே தள்ளுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் புரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. வகுப்பில் தமிழில் சந்தேகம் கேட்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பல பாடங்களில் தேர்வைத் தமிழில் எழுதவும் அனுமதி உண்டு. துறையில் விசாரித்துக்கொள்ளட்டும். ஒரு பாடத்துக்கு ஐம்பது கலைச்சொல் தெரிந்துவிட்டால் மீதி தானாக வரும். ஒரு சின்ன நோட்டில் தினம் ஐந்து சொல் எழுதினால் பத்து வகுப்பில் ஐம்பது.

இன்னொரு விஷயமும் மனசில் இருக்கட்டும். தமிழ்நாட்டு அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த சட்டம். பட்டப்படிப்பு கேட்கிற வேலை என்றால் பள்ளிக்கூடத்தில் இருந்து பட்டம் வரைக்கும் தமிழ் வழியில் படித்திருக்கணும் என்று பிறகு திருத்தினார்கள். அதனால் சேரும்போதே எந்த வழிப் பிரிவு என்று தெரிந்து சேருங்கள். "இங்கிலீஷ் மீடியம்னா கௌரவம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றிவிடாதீர்கள். இரண்டிலும் லாபம் உண்டு. கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காவது, தேர்வு. பன்னிரண்டாவதில் 600 மார்க், வருஷக் கடைசியில் ஒரே தேர்வு. ரிசல்ட் வரும் நாள் ஊருக்கே தெரியும். கல்லூரியில் வருஷத்துக்கு இரண்டு பருவம். மூன்று வருஷத்தில் ஆறு பருவத் தேர்வு. பெரும்பாலும் நவம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. எங்களைப் போன்ற கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு 100 மார்க் என்றால் 25 மார்க் கல்லூரியிலேயே போடுவது, 75 மார்க் பல்கலைக்கழகத் தேர்வு. அந்த 25 சும்மா வராது. உள் தேர்வு, ஒப்படைப்பு, வகுப்புக் கருத்தரங்கு, வருகை எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவது. பள்ளிக்கூடத்தில் கடைசி மூன்று மாசம் விழுந்து விழுந்து படித்துப் பிடித்துவிடலாம். இங்கே ஒரு பருவமே மொத்தம் 90 வேலை நாள்தான். மழைக்காலம் முடிகிறதுக்குள் தேர்வு வந்துவிடும். தீபாவளிக்கு அப்புறம் படிக்கலாம் என்று இருந்தால் நேரம் கிடையாது.

இப்போது அரியர் பற்றி. இந்த வார்த்தையைக் கேட்டாலே நம் வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஃபெயில் என்றால் அங்கேயே நின்றுவிடுவது என்று பார்த்துப் பழகியிருக்கிறோம். கல்லூரியில் ஒரு பாடத்தில் தேறவில்லை என்றால் பிள்ளை அடுத்த பருவத்துக்குப் போய்க்கொண்டே, அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதும். படிப்பு நிற்காது. நம் குழுவில் ஒரு அக்கா ஒரு மாசம் தவணை கட்ட முடியவில்லை என்றால் குழுவைக் கலைத்துவிடுகிறோமா? அடுத்த மாசம் சேர்த்துக் கட்டச் சொல்கிறோம். ஏன் தவறியது என்று கேட்கிறோம். அரியரும் அப்படித்தான். பாக்கி விழுந்திருக்கிறது, கட்டிவிடலாம். பாக்கி மேல் பாக்கி விடக் கூடாது, அவ்வளவுதான்.

என் வகுப்பில் ஒரு மாணவிக்கு முதல் பருவத்தில் இரண்டு அரியர். வீட்டில், "படிப்பு வரலை, மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா இருந்த குழுவில் இது பேச்சாகி, ஊக்குநரும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும் வீட்டுக்குப் போய், "ஆறு பேப்பர்ல நாலு பாஸ். நாலு பேப்பர் பாஸ் பண்ணினவளுக்கா படிப்பு வரலைங்கிறீங்க?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஒரு பருவம் பொறுக்கலாம் என்றார். அவள் மறுபடி எழுதி இரண்டையும் முடித்தாள். பட்டம் வாங்கி, பி.எட். முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள்.

அதே வருஷம் இன்னொரு மாணவி. அவளுக்கு ஒரே ஒரு அரியர். யாரும் போய்க் கேட்கவில்லை. தை மாசம் கல்யாணம் ஆனது. போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. "மேடம், அந்த ஒரு பேப்பரை இப்ப எழுத முடியுமா?" என்று கேட்டாள். இந்த இரண்டு பெண்களுக்கும் அறிவில் வித்தியாசம் கிடையாது. ஒருத்தி பக்கம் மூன்று பெண்கள் எழுந்து நின்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாவது, வருகை. பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் வரவில்லை என்றால் வகுப்பு ஆசிரியர் போன் போடுவார். கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். 90 நாளில் 75 சதவீதம் வந்திருக்கணும். அதாவது 68 நாள். மீதி 22 நாள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். காய்ச்சல் ஐந்து நாள். சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து நாலு நாள். கோயில் திருவிழா மூன்று நாள். தக்காளி பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, நாலு நாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, அம்மா பேங்குக்குப் போகும்போது ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்ள என்று இன்னும் ஆறு நாள். 22 தீர்ந்தது. சதவீதம் குறைந்தால் அபராதம் கட்டணும். ரொம்பக் குறைந்தால் தேர்வே எழுத விட மாட்டார்கள். விதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கொஞ்சம் மாறும், ஆனால் வருகைக் கணக்கு இல்லாத கல்லூரி கிடையாது.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே சொன்ன லீவில் பாதி, பையனாக இருந்தால் எடுக்கச் சொல்ல மாட்டோம். பெண் பிள்ளையைத்தான் நிறுத்துகிறோம். "காலேஜ்தான, ஒரு நாள் போகலைன்னா என்ன?" என்கிறோம். குழுக் கூட்டத்துக்கு வராதவருக்கு நாம் அபராதம் போடுகிறோம். ஏன்? வராதவர் மெல்ல மெல்லக் கழன்று போய்விடுவார் என்று அனுபவத்தில் தெரியும். பிள்ளைக்கும் அதே கதிதான்.

ஆறாவது, கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்பது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியர், தலைமை ஆசிரியர், பெற்றோர் கூட்டம், கையெழுத்துப் போட மதிப்பெண் அட்டை எல்லாம் உண்டு. கல்லூரியில் மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வராது. ஆனால் ஆள் இல்லாமல் இல்லை. வகுப்புப் பொறுப்பாசிரியர் இருக்கிறார், துறைத் தலைவர் இருக்கிறார், முதல்வர் இருக்கிறார். பெண் பிள்ளைகளின் புகாரைக் கேட்க உள்ளகப் புகார்க் குழு இருக்கணும் என்பது சட்டம். ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உதவி நம்மைத் தேடி வரும். கல்லூரியில் நாம் தேடிப் போகணும்.

தாய்மார்கள் கல்லூரி கேட் வரைக்கும் வந்து வெளியிலேயே நின்றுவிடுகிறீர்கள். பிள்ளையைச் சேர்க்க வரும்போது அப்பாவோ மாமாவோ உள்ளே வருகிறார்கள், நீங்கள் மரத்தடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து லட்சக்கணக்கில் கடன் பேசுகிற நீங்கள், ஒரு துறைத் தலைவரிடம் போய், "என் பொண்ணு எப்படிப் படிக்குது?" என்று கேட்கக் கூச்சப்படலாமா? பருவத்துக்கு ஒரு தடவை உள்ளே வாருங்கள்.

ஏழாவது, பணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிற பணம். இதைச் சொன்னால் சில அக்காமார்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லியாகணும். அந்த ஆயிரத்தைக் குழுத் தவணைக்கு எடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் இலவசமாக வந்தது. கல்லூரியில் வராது. தேர்வுக் கட்டணம், புத்தகம், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு என்று கைச்செலவு நிற்காமல் இருக்கும். அந்த ஆயிரம் இல்லாத மாசம், பிள்ளை "உடம்பு சரியில்லை" என்று வீட்டில் இருந்துகொள்ளும். நிஜமான காரணம் ஜெராக்ஸுக்குக் காசு இல்லாததாக இருக்கும்.

கல்லூரிப் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. முதல் தலைமுறைப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரிந்தும், முதல் வாரத்தில் இந்த விவரங்களை யாரும் பொறுமையாக உட்காரவைத்துச் சொல்லாத இடங்கள் உண்டு. விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிற இடங்கள் உண்டு. அதை நாங்கள் உள்ளே இருந்து கேட்கிறோம். நீங்கள் வெளியே இருந்து கேளுங்கள். இரண்டு பக்கமும் கேட்டால்தான் நடக்கும்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். வெறும் பேச்சாகப் போகாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு வருஷமும் கல்லூரி திறப்பதற்கு முன்னால், புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் ஒரு நாள் கூட்டி உட்காரவைக்கணும். பேசுவதற்கு என்னைப் போன்ற ஆள் வேண்டாம். அதே ஊரில் இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளைகளே பேசட்டும். டே ஆர்டர் என்றால் என்ன, எந்த பஸ், எந்தப் பாடத்துக்கு நூலகத்தில் எந்தப் புத்தகம் என்று அவர்களை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

இரண்டு, தேர்வுக் கட்டணம் கட்டும் நேரத்தில் அதற்கென்று கேட்கும் உள்கடனை முதல் வரிசையில் கொடுக்கணும். கல்யாணச் சீருக்குக் கடன் கொடுப்பதற்கு முன்னால் இதைக் கொடுங்கள். சின்னத் தொகைதான். ஆனால் கடைசித் தேதி தாண்டினால் ஒரு பருவம் போய்விடும்.

மூன்று, ஒரு பிள்ளை பாதியில் நின்றுவிட்டது என்று எந்தக் குழுவில் தெரிந்தாலும், அடுத்த கூட்டத்துக்குள் மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போகணும். கடன் பாக்கி வசூலிக்கப் போகிறோம் இல்லையா, அதே உரிமையோடு போங்கள். என்ன காரணம் என்று கேளுங்கள். பெரும்பாலும் தீர்க்கக் கூடிய காரணமாகத்தான் இருக்கும்.

இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களில் பல பேர் வீட்டுப் பிள்ளை இந்த ஜூனில் கல்லூரிக்குப் போகிறது. அடுத்த பொங்கலுக்குப் பிறகு நான் வகுப்புக்குள் நுழையும்போது அந்தப் பெஞ்சுகள் நிறைந்திருக்கணும். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.